அந்த வீட்டுக் கைப்பிடி அரிசி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கையில் பிடித்ததெல்லாம் தீப்பெட்டிக்குப் பசை தடவுகிற குச்சியும், பட்டாசுக் கம்பெனியில் ஒட்டுகிற தாளும்தான். எழுத்து கோணும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறு எங்கோ போவேன். சில சமயம் எங்கே போனேன் என்பதும் மறந்துபோகும். கோயிலில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிற ஆள் நான். நாலு பேர் முகத்தைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயால் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது என்னைப் பற்றிய சாட்சி இல்லை. என் மதினியைப் பற்றியது.

மதினி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணன் சீக்கிரமே காலமாகிவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். நான் வாக்கப்பட்டது உள்ளூரிலேயே என்பதால் மதினி வீடும் என் வீடும் அடுத்தடுத்த தெரு. சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற வழியில், தார்ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. விவசாயம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால் ஊரில் பாதிப்பேர் ஏறிவிடுவார்கள். ஊர் நடுவில் எங்கள் கோயில். சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம். மாதா கோயில் மாதிரிப் பெரிய கோபுரம் எல்லாம் கிடையாது. ஓடு போட்ட நீளக் கட்டடம், முன்னால் மணி தொங்குகிற ஒரு சட்டம், அவ்வளவுதான்.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் கோயிலுக்கென்று ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலை வைக்கும்போது, எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி அந்தக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவோம். கலயத்துக்குள் விழுந்துவிட்டால் அது ஆண்டவருடைய அரிசி. மழைநாளில் கம்பெனி லீவு விட்டு, வீட்டில் பொட்டு அரிசி இல்லாமல் பிள்ளைகள் அழுதால்கூட அந்தக் கலயத்தில் கை வைக்க மாட்டோம். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வோம். மாதக் கடைசியில் சாக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவது என் மதினியின் வேலை. கூடச் சாக்கைப் பிடிக்கிறது நான். கோயிலுக்கு வராத இந்து வீட்டுக்காரர்கள்கூட, "எங்க வீட்டுதும் போட்டுக்கோங்கக்கா" என்று ஒரு கை அள்ளிப் போடுவார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரை வெயிலில், கோயில் பண்டிகை வரும். மற்ற மாதங்களில் அரிசியை விற்றுக் கோயில் செலவுக்கு எடுத்துக்கொள்வோம். அந்த மாதத்து அரிசியை மட்டும் விற்கமாட்டோம். மொத்தமாகக் கொட்டிச் சமைத்து அசனம் போடுவோம். அசனம் என்றால் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. பணக்காரன் ஏழை என்று தனிச் சட்டி கிடையாது. ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, குருணை எல்லாம் ஒரே அண்டாவில் வேகும். அதனால் அசனச் சோறு ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் விறைத்தும்தான் இருக்கும். அப்படி இருந்தால்தான் அது அசனச் சோறு. யாராவது, "இந்த வருசம் சோறு பூப்போல இருக்கே" என்று சொன்னால் சமைத்தவர்களுக்குக் கோபம் வந்துவிடும். கடையில் அரிசி வாங்கிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். தீபாவளிக்கு முந்தின சீசன். ஆர்டர் நெருக்கும்போது, கம்பெனிக்குள்ளே செய்யவேண்டிய மருந்து வேலையைச் சிலர் திருட்டுத்தனமாக வெளியே கொண்டுவந்து வீடுகளில் செய்வார்கள். சட்டப்படி கூடாது. எங்கள் ஊரில் அதைச் செய்த ஒருவன் எங்கள் சபைக்காரன்தான். என் அண்ணன் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவன். சின்ன வயதில் மதினி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிக் கிடந்தவன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, வெடிக்கு மருந்து அடைக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டான். கம்பெனியில் கொடுப்பதைவிடக் கூடத் தருவேன் என்றான். என் அண்ணன் மகளும் போனாள். தைக்கிற மிஷின் ஒன்று வாங்கவேண்டும் என்பது அவளுக்கு ஆசை.

எங்கள் பக்கம் டமார் என்று கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்கமாட்டோம். எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். அன்று மத்தியானம் அப்படிக் கேட்டுக்கொண்டே ஓடினோம். கொட்டகைக்கு ஒரே வாசல். அந்த வாசலை மறித்து அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான், வெளியே இருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று. மற்றப் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் வாசல் ஓரமாக இருந்ததால் கையைச் சுட்டுக்கொண்டு வெளியே பாய்ந்துவிட்டான். உள்ளே இருந்த எங்கள் பிள்ளைக்கு வர வழியில்லை. ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போய்விட்டது. அடக்கத்துக்குக்கூட அவன் இல்லை. காரியாபட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருந்தவனைப் போலீஸ் பிடித்தது. ஸ்டேஷனில் அவன் சொன்னது இதுதான்: "அந்தப் பிள்ளைதான் கம்பெனியில இருந்து மருந்தத் திருடிக் கொண்டாந்து எனக்குத் தெரியாம வேலை பாத்துச்சு."

செத்தவளைத் திருடி என்று சொல்லிவிட்டான். பிள்ளை போனதைக்கூட மதினி வாய்விட்டு அழுது ஆற்றிக்கொண்டாள். அந்தச் சொல் அவள் தொண்டையில் நின்றுவிட்டது. அண்ணன் மகனுக்கு அதைவிட அதிகம்.

கேஸ் நடந்து அவன் ஜெயிலுக்குப் போனான். அவன் மனைவியும் கைப்பிள்ளையும் ஊரில்தான் இருந்தார்கள். மாதக் கடைசியில் சாக்கோடு போகும்போது அந்த வீட்டு வாசலில் மதினி நிற்கமாட்டாள். நில் என்று யாரும் சொல்லவில்லை, நிற்காதே என்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டை விட்டு அடுத்த வீடு போவோம். அந்தப் பெண் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நிற்பாள். நாங்கள் தாண்டிப் போனதும் உள்ளே போய்விடுவாள்.

சில வருஷம் கழித்து அவன் வெளியே வந்தான். வலது கை விரல்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவான். உள்ளே வரமாட்டான். செருப்பு விடுகிற இடத்தில் சுவரோடு உட்கார்ந்துகொள்வான். உள்ளே வா என்று கூப்பிட ஆளில்லை, எழுந்து போ என்று விரட்டவும் ஆளில்லை. கம்பெனிகளில் அவனுக்கு வேலை தரவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு, ஏழை வீடுகளுக்குச் சேலையும் அரிசியும் கேக்கும் கொடுக்கும்போது அந்த வீட்டுக்கும் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. எல்லாரும் மதினி முகத்தைப் பார்த்தார்கள்.

"குடுங்க. அந்தப் பொம்பளையும் பிள்ளையும் என்ன செய்யும்?" என்றாள் மதினி.

அன்று எல்லாரும் அவளை மெச்சினார்கள். இதுதான் கிறிஸ்தவ அன்பு என்று வாராவாரம் ஆராதனை நடத்துகிற உபதேசியார் ஜெபத்திலேயே சொன்னார். எங்கள் எல்லாருக்கும் மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் காலையில் கோயில் கூட்டப் போனவர்கள் பார்த்தால், கொடுத்த பை அப்படியே கோயில் வாசற்படியில் இருக்கிறது.

தண்ணிக் குழாயடியில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை.

"பாத்தீகளா திமிர? ஜெயில் களி தின்னவனுக்கு நம்ம அரிசி எறங்கலையாம்."

"வெறும் அரிசியக் குடுத்தா? பிரியாணியா கொண்டுபோயிருக்கணும்."

"வெத்தல பாக்கு வச்சு அழைக்க மறந்துட்டோம்ல, அதான்."

சிரிப்பு அடங்குவதற்குள் அவன் மனைவி குடத்தோடு வந்துவிட்டாள். எல்லாரும் குழாயைப் பார்த்துக்கொண்டார்கள். மதினியும் நானும் அங்கேதான் நின்றோம். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினாள்.

"திமிர் இல்லக்கா. குடுக்கிறவுகளக் குத்தம் சொல்லல. ஆனா எங்க வீட்டுக் கலயமும் நெறஞ்சுதான் கெடக்கு. தெனமும் ஒரு பிடி போடத்தான் செய்றேன். வாங்க ஒருத்தரும் வரல. வண்டு விழுந்துருது. ஆண்டவருக்குன்னு போட்டத எடுத்து ஒலையிலயும் போட முடியாது. கோழிக்கு வீசுறேன். எங்ககிட்ட ஒரு பிடி வாங்க மாட்டீக, எங்களுக்கு ஒரு பை குடுப்பீக. அப்பிடின்னா நாங்க சபையாளுகளா, பிச்சக்காரகளா? அதத்தான் அவரு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பண்டிக அசனத்துக்கும் சாக்கு வரலன்னா திருப்பூருக்குப் போயிருவோம்னு சொல்லிட்டாரு. அங்கன யாருக்கும் எங்களத் தெரியாது. அங்கயும் ஒரு கோயில் இருக்கும்ல."

மதினியோடு வீடு வந்து சேர்ந்தேன். குடத்தை இறக்கியதும் கேட்டாள்: "ஏட்டி, கோழிக்கா போட்டாளாம்?"

"அப்படித்தான் சொன்னா மதினி."

"அம்புட்டு வருசமுமா?"

 அன்றிலிருந்து அவளுக்கு ஒரு நிம்மதி இல்லாததை நான் பார்த்தேன். உலை வைக்கும்போது கலயத்தில் அரிசி போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவாள்.

எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்போம். பல ஊர்ச் சபைகளுக்கு ஒரே ஐயர் என்பதால் மாதத்தில் ஒருமுறை திருவிருந்து என்கிற அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கத்தான் வருவார். சின்ன வயசுக்காரர். அதற்கடுத்த மாதம் வந்தபோது, ஆயக்காரன் கதையைப் பிரசங்கம் செய்தார். ஆயக்காரன் என்றால் வரி வாங்குகிறவன். குள்ளன். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறினான். ஊரே வெறுத்த அவனைப் பார்த்து இயேசு, கீழே இறங்கி வா, இன்று உன் வீட்டில்தான் நான் தங்கவேண்டும் என்று சொன்ன கதை. ஆராதனை முடிந்து ஐயர் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்த ஆயக்காரன் வீட்டுக்கு ஆண்டவர் போனாருல்ல, அவன் யாரு பிள்ளையவாச்சும் கொன்னுருக்கானா?"

ஐயர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்படி ஒண்ணும் எழுதியிருக்கலம்மா. பணம்தான் அநியாயமா வாங்கியிருக்கான்."

"அப்ப அது லேசு."

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"கிணத்தடியில ஆண்டவர் தண்ணி கேட்டாரே, அந்தச் சமாரியாக்காரப் பொம்பள?"

"அவ வாழ்க்கைதான் சரியில்ல. யாரையும் கொல்லல."

"கல்லெறிய இழுத்துட்டு வந்தாகளே, அவ?"

"இல்லம்மா."

"அப்ப எனக்குன்னு ஒரு கதையும் அதுல இல்லையா?"

அவர் எங்களைவிட எவ்வளவோ படித்தவர். ஒரு பிரசங்கம் செய்து எங்களை அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை.  அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

"இருக்கும்மா," என்றார். "ஆனா சொல்லப் பயமா இருக்கு. நீங்க பறிகொடுத்தவங்க. நான் பறிகொடுக்கல."

"சொல்லுங்க ஐயா."

"பிள்ளையப் பறிகொடுத்தவர்னா பிதாவாகிய தேவன்தாம்மா. அவரு பிள்ளைய அடிச்சுக் கொன்னாங்க, பொய்க் குத்தமும் சொல்லிக் கொன்னாங்க. கொன்னது நம்மள மாதிரி ஆளுங்கதான். அப்புறமும் நாம கொண்டுபோய்க் குடுக்கிற காணிக்கைய அவரு கைநீட்டி வாங்கிக்கிறாரு. பிள்ளையக் கொன்னவங்க கையில இருந்து வாங்கிக்கிறவரு அவரு ஒருத்தர்தான். கிருபைன்னு நான் படிச்சதெல்லாம் கடைசியில இதுலதான் வந்து நிக்குது."

 ஐயரே மறுபடியும் சொன்னார்: "ஆனா நீங்க அப்படிச் செய்யணும்னு நான் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு உரிமை இல்ல. செய்யலைன்னா உங்களக் குறைவா நினைக்கவும் மாட்டேன்."

"நல்லா சொல்றீக ஐயா. செய்யாம இருக்க முடியாதபடிக்குச் சொல்லிப்போட்டு, செய்ய வேண்டாம்னும் சொல்றீக," என்றாள் மதினி. ஐயருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. டீயில் ஈ விழுந்துவிட்டது. வேறு டீ போட்டுக்கொண்டு வர நான் ஓடினேன்.

நான் படிக்காதவள். ஆனாலும் அதற்குப் பிறகு வேதத்தில் எந்தக் கதையைக் கேட்டாலும் ஒன்று கண்ணில் படும். ஒதுக்கப்பட்டவர்களிடம் ஆண்டவர் வெறும் கையோடு போகிறார். அந்தக் கிணற்றடிப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். ஆயக்காரனிடம் தங்க இடம் கேட்கிறார். பாவி என்று ஊர் சொன்ன இன்னொருத்தி அவர் காலில் தைலம் ஊற்றினால் காலை இழுத்துக்கொள்ளாமல் இருக்கிறார். அவர்கள் கையில் இருந்து வாங்கிக்கொள்கிறார். கொடுக்கும்போது கொடுக்கிறவன் உயரத்தில் நிற்கலாம். வாங்க வேண்டும் என்றால் கீழே இறங்கவேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பை கொடுத்தபோது எங்களுக்கு மனசு நிறைந்ததே, அது உயரத்தில் நின்றதால் வந்த நிறைவு. இதை நான் சொந்தமாக யோசித்துச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். மதினி செய்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

பண்டிகை வாரம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சாக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.  அந்தத் தெருவுக்கு வந்தோம். வழக்கம்போல அந்தப் பெண் நிலைப்படியில் நின்றாள். அவள் கையில் கலயம் இல்லை. வீட்டுக்குள்ளே மூட்டை கட்டி வைத்திருப்பது வாசலில் இருந்தே தெரிந்தது. மதினி தாண்டப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் கால் நின்றது.

எல்லா வீட்டிலும் அவள் பாட்டு மாதிரி இழுத்துக் கூப்பிடுவாள். இங்கே முதலில் சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

"கைப்பிடி அரிசி!"

எதிர்வீட்டு ஜன்னலில் முகங்கள் வந்தன. அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து அவன்தான் கலயத்தைக் கொண்டுவந்தான். ஒட்டிப்போன கையை அடியில் கொடுத்து, நல்ல கையால் வாயைப் பிடித்திருந்தான். மதினி சாக்கின் வாயை விரித்தாள். அவன் போடாமல் நின்றான்.

"பெரியம்மா, நான் போலீசுல சொன்னது..."

"தெரியும்லே. என்கிட்ட ஏன் சொல்ற? அவ திருடி இல்லன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவுகளுக்குப் போய்ச் சொல்லு. இப்ப அரிசியப் போடு, சாக்கப் பிடிச்சுக் கை வலிக்கு."

அவன் கலயத்தைச் சாய்த்தான். அந்தக் கை சரியாகத் திரும்பாததால் பாதி சாக்கிலும் பாதி தரையிலும் விழுந்தது. மதினி குத்தவைத்து உட்கார்ந்து சிந்தியதைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே, "ஏட்டி, வண்டு இருக்கா இதுல?" என்று கேட்டாள்.

"நேத்துதான் புடச்சேன் பெரியம்மா," என்றாள் அந்தப் பெண். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். ஊருக்குப் போகிறவள் எதற்கு நேற்று அரிசி புடைத்தாள் என்று மதினியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது நான் ஏதோ பாராட்டிச் சொல்ல வாயெடுத்தேன். மதினி என்னை முறைத்தாள். "சும்மா கெட. எனக்கு இன்னும் அவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல. அரிசிதான் வாங்குனேன்," என்றாள்.  சாக்கை அன்று நானே சுமந்தேன்.

மறுநாள் காலையில் கோயிலுக்கு முன்னால் பாய் விரித்து எல்லா அரிசியையும் கொட்டிக் கல் பொறுக்கினோம். விருதுநகரில் ஒரு முஸ்லிம் பாயின் பாத்திரக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்த அண்டாக்களோடு அண்ணன் மகன் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினான். யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். நேராக வந்து பாய் ஓரத்தில் நின்றான்.

"எம்மா, அந்த வீட்டு அரிசி இதுல இருக்கா?"

"இருக்கு."

"எடுத்து வெளிய போடு."

"எதுன்னு காட்டு. எடுத்துப் போடுறேன்."

அவன் குவியலைப் பார்த்தான். அது எல்லா வீட்டு அரிசியும் கலந்து மலைபோலக் கிடந்தது.

"ஒனக்குப் பெத்த மகளவிட அந்தக் கலயம் பெருசாப் போச்சா?"

கல் பொறுக்கிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.  மதினி தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"அவ போன நாள்ல இருந்து நம்ம கலயத்துல நான் ரெண்டு பிடி போடுறேன்லே. ஒண்ணு அவளுக்கு. அதுவும் இதுலதான் கெடக்கு. அவன் வீட்டு அரிசிய வெளிய போடணும்னா அவளுதும் சேந்துதான் போகும். போடுறியா?"

அவன் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அண்டாவை மற்றவர்கள் இறக்கினார்கள்.

ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் சாட்சி சொல்லுகிற நேரம் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் சரியானது, மகனுக்கு வேலை கிடைத்தது என்று நாலைந்து பேர் சொன்னார்கள். ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் சபை முழுவதும் ஆண்டவருக்கு நன்றியாக "ஸ்தோத்திரம்" என்று சொல்வது வழக்கம். கடைசியில், செருப்பு விடுகிற இடத்தில் இருந்தவன் எழுந்து வாசலுக்கு உள்ளே ஒரு அடி வந்து நின்றான்.

"அந்தப் பிள்ள மருந்து திருடல. நான்தான் கொண்டாந்தேன். வாசல அடச்சுப் பெட்டிய அடுக்குனதும் நான்தான். அது உள்ள இருக்குன்னு தெரிஞ்சுதான் வெளிய ஓடுனேன். போலீசுல பொய் சொன்னேன்," என்றான். அவ்வளவுதான். மன்னியுங்கள் என்றுகூட அவன் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொதிக்கிற சாம்பாரின் சத்தம் கேட்டது. அங்கிருந்து, அகப்பையும் கையுமாக, மதினி ஒருத்தி மட்டும் சொன்னாள்: "ஸ்தோத்திரம்." அதன்பிறகு ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். ஐயர் தலை குனிந்திருந்தார்.

பந்தி போட்டார்கள். சமுக்காளத்தில் நீளமாக வரிசை. ஐயரே போய் அவனைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அவனுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவியும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாகவே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. தற்செயலாக நடந்த மாதிரியே நடந்தது. அவன் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. எழுந்தால் அவ்வளவுதான், கட்டி வைத்த மூட்டை திருப்பூருக்குப் போய்விடும்.

சமைக்கிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடவேண்டும். மதினி அகப்பையை என் கையில் கொடுத்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து சத்தமாகவே சொன்னாள்: "ஏலே, எலயப் போடுங்க. காலையில இருந்து அடுப்புல வெந்துட்டு கெடக்கேன், பசிக்கு."

வண்டியிலிருந்து அண்ணன் மகன் இதைப் பார்த்துவிட்டான். சோறு பரிமாற ஆள் குறைவு என்று உபதேசியார் கத்திக்கொண்டிருந்தார். அவன் இறங்கி வந்து சோற்று வாளியைத் தூக்கினான். வருஷா வருஷம் அவன் செய்கிற வேலைதான் அது. வரிசையாக வைத்துக்கொண்டே வந்தான். அம்மா இலையில் வைத்தான். அடுத்த இலை முன்னால் வந்ததும் நின்றான். அகப்பை வாளிக்குள் இருந்தது. பிறகு அந்த இலையை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் இலையில் வைத்தான். பிள்ளையின் இலையில் வைத்தான். வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விட்டான்.

மதினி தன் இலைச் சோற்றைக் கையால் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை அப்படியே பக்கத்து இலைக்குத் தள்ளினாள். அவனைப் பார்க்கவில்லை. சாம்பார் வாளிக்காரரைப் பார்த்து, "ரெண்டு எலைக்கும் ஊத்துங்க," என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவன் இடது கையால்தான் சாப்பிட்டான். சோறு பாதி குழைந்தும் பாதி விறைத்தும்தான் இருந்தது.

அவர்கள் திருப்பூர் போகவில்லை. அவனை மன்னித்துவிட்டீர்களா என்று நான் மதினியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. மாதா மாதம் அந்த வீட்டில் சாக்கை விரிப்பாள், அரிசி விழும், அடுத்த வீட்டுக்குப் போவோம். எத்தனையோ பெரிய பிரசங்கிமார் பேசக் கேட்டிருக்கிறேன். கிருபை என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது பாதிச் சோற்றைத் தள்ளிய மதினியின் கைதான். அந்த மதினி இப்போது இல்லை.

இதில் எது எது சரி, எது தப்பு என்று எனக்கு நிச்சயமில்லை. ஐயர் சொன்னதை என் பாஷையில் எழுதியிருப்பேன். அவர் மாறுதலாகி எங்கேயோ போய்விட்டார். அவர் கண்ணில் பட்டால் திருத்தவேண்டும். இன்னொன்று. எழுதியதை அண்ணன் மகனிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இல்ல அத்த, நான் அந்த எலயத் தாண்டிப் போகல. கொஞ்சம் வச்சேன். ஒரு கரண்டியாச்சும் வச்சேன்," என்கிறான். நான் பார்த்தவரையில் வைக்கவில்லை. ஆனால் அடுப்புப் புகையில் நின்றவள் நான், கண்ணும் அப்போதே மங்கல். அன்று அந்தப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவன் வைத்தானா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். வைத்தான் என்றால் அந்த இடத்தை மாற்றி எழுதிவிடுகிறேன்.